மேட்டில் ஏறிய கால்வாய்

களத்துமேட்டுத் தெருவில் ஏறும்போது துலுக்கானத்தின் ஆட்டோ முதல் கியருக்கு இறங்கி, அதிலும் முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்த ஹேமநாதன் இறங்கி நடந்தார். அவர் முழங்காலும் அதே கதிதான்.

"பாவம் வாத்யாரே, இதுக்கும் உங்க வயசுதான் ஆவுது," என்று ஆட்டோவைத் தட்டிக்கொடுத்தான் துலுக்கானம்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஹேமநாதனின் துப்பறியும் நிலையம். போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு இதைத் தொடங்கியபோது கொலை, கொள்ளை என்று ஏதாவது பெரிதாக வரும் என்று நம்பியிருந்தார். வந்ததெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே ஒரு பழக்கம் இருந்ததா என்கிற கல்யாண விசாரிப்புகள்தான். அடுத்தவர் வீட்டு வாசலில் காத்திருந்து காத்திருந்து அவருக்கு மனிதர்கள் மேலேயே ஓர் அலுப்பு வந்திருந்தது. துலுக்கானம் அவருக்கு ஓட்டுநர், உதவியாளன், சில நாட்களில் சமையல்காரன். நாற்பதைத் தாண்டியவன், நாக்குக்கு மட்டும் இன்னும் மீசை முளைக்கவில்லை.

இந்த முறை வந்திருந்தது காணாமல் போன ஆள் ஒருவரின் வழக்கு.

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டியிருக்கிறது வரகுப்பாக்கம். ஒரு காலத்தில் ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர். அறுபதுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வர, வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. விவசாயிகள் ஒன்றுகூடி வயல்களை மனைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நெல் அடித்த களத்தை மட்டும் ஊர்ப் பொதுவுக்கென்று விட்டுவைத்தார்கள். அதுதான் இன்றைக்கு மைதானம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பால்ராஜ் என்கிற ரியல் எஸ்டேட்காரர் அது தன் சொத்து என்று சொல்லி, சுற்றித் தகரம் அடித்துவிட்டார்.

வழக்கு நடந்தது. திங்கட்கிழமை முக்கியமான விசாரணை. மைதானம் பொது இடம் என்று காட்டுகிற மூல வரைபடம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சம்பந்தம் அவர். அவருடைய குடும்பம் அந்தக் களத்தில் நெல் அடித்த குடும்பம். புதன்கிழமை காலையில் பால் வாங்கப் போன சம்பந்தம் வீடு திரும்பவில்லை. வரைபடமும் சுவரில் இல்லை.

பால்ராஜின் ஆட்கள்தான் தூக்கிவிட்டார்கள் என்று சொல்லி, மறுநாளே வழக்குக் கட்டோடு ஓ.டி. மாடிப்படி ஏறி வந்தவன் கிஷோர். கரூர்க்காரன், ஐ.டி.யில் வேலை, 'லேக் பிரீஸ்' என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். மைதானத்துக்காக மூன்று வருடமாக அலைபவன் என்று ஊரே சொன்னது. கண் சிவந்திருந்தது. பேச்சு மட்டும் கோர்வையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சம்பந்தத்தின் வீட்டுக் கூடத்தில் ஹேமநாதன் உட்கார்ந்திருந்தார். சம்பந்தத்தின் மனைவி கமலம் எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடுதான், அதனால் காபி மட்டும் தரமுடியும் என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். கணவர் எங்கே போயிருப்பார் என்று கேட்டதற்கு, பால் வாங்கப் போனார், அவ்வளவுதான் தெரியும் என்றாள். போலீஸிடமும் அதையே சொன்னாளாம். அழவில்லை. அழுது முடித்தவள் மாதிரியும் இல்லை.

சுவரில் மூன்று ஆணிகள் வரிசையாக இருந்தன. சம்பந்தத்துக்கு வரைபடப் பைத்தியம். இடது ஆணியில் வெள்ளைக்காரன் காலத்துக் கிராமப் படம், பின்னால் துணி ஒட்டியது: வயல்கள், ஏரி, மதகு, மதகிலிருந்து இறங்கும் கால்வாய், களம். நடு ஆணி காலி. அங்கே இருந்ததுதான் வயல் மனையான காலத்துப் படம். வலது ஆணியில் இப்போதைய ஊர், வானத்திலிருந்து எடுத்தது. கிஷோர் அச்சடித்துக் கொடுத்ததாம். அதில் வயலும் இல்லை, மனையும் இல்லை. வெறும் மொட்டை மாடிகளும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளும்.

ஹேமநாதன் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். பழைய படத்தில் பழுப்பாக விரல் தடங்கள் இருந்தன.

"ஐயா மூக்குப்பொடி போடுவாரா?"

"அதுதான் ஒரே கெட்ட பழக்கம்," என்றாள் கமலம். "செவுத்தத் தொடாதீங்கன்னா கேக்கமாட்டாரு."

சுவரில் மாட்டிய ஊர்ப்படத்தில் மனிதன் தொடுகிற முதல் இடம் தன் வீடு. ஹேமநாதன் அதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறார். 'நாம இங்கதான் இருக்கோம்' என்று வந்தவருக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுவார்கள். வழக்கு மைதானத்தைப் பற்றி என்பதால் மைதானத்தில் விரல் பட்டிருந்தாலும் நியாயம். படத்தில் சம்பந்தத்தின் வீடு சுத்தமாக இருந்தது. களமும் சுத்தமாக இருந்தது. மூக்குப்பொடிக் கறை கால்வாயைப் பிடித்துக்கொண்டு மதகிலிருந்து கீழே இறங்கி, ஓரிடத்தில் வந்து தேங்கி நின்றது. வலது பக்கப் படத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் கறை. ஒரு பெரிய கட்டடத்தின் மாடியில். திரும்பத் திரும்ப அமுக்கி, தாள் நைந்துபோயிருந்தது.

அந்தக் கட்டடம் எது என்று கேட்டார். கமலம் பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"லேக் பிரீஸ்," என்றாள்.

இதற்குள் கைகழுவப் பின்கட்டுக்குப் போயிருந்த துலுக்கானம் திரும்பி வந்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினான்.

தெருமுனை டீக்கடையில் அவன் கண்டுபிடிப்பைச் சொன்னான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சங்கரா மீன் செதில். புதுசு. பக்கத்தில் ஒரு பூனை, மீன் வாலை மட்டும் வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்ததாம். கல்லின் மேல் கழுவிக் கவிழ்த்த கேரியர் அடுக்கு ஒன்று, மற்ற அடுக்குகள் இல்லாமல்.

"வெரதம் இருக்கிற ஊட்ல மீன் கொளம்பு யாருக்கு வாத்யாரே? பூனைக்குன்னா கேரியர்ல வச்சா அனுப்புவாங்க?"

ஹேமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பெரிய அலுப்பும் வந்தது. கடத்தப்பட்டவருக்குப் பெண்டாட்டி மீன் குழம்பு கொடுத்தனுப்ப முடியாது. சம்பந்தம் தானாகத்தான் போயிருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். பால்ராஜுக்குப் பயந்து ஒளிந்திருந்தால் கமலம் முதலில் கிஷோரிடம் அல்லவா சொல்லியிருப்பாள்? அவர்கள் பக்கத்து ஆள் அவன்தானே. அவனிடமே மறைக்கிறாள் என்றால்?

டீ ஆறிப்போனது. வியாழக்கிழமை கிஷோர் அவரிடம் பேசியதை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். பெரியவருக்கு மாத்திரை உண்டா, உடுத்திப் போன சட்டை என்ன நிறம், சொந்தக்காரர்கள் யார் யார் என்பதையெல்லாம் அவராகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. அவனாகக் கேட்டது ஒன்றைத்தான். வேறு பிரதி எதுவும் வெளியில் இருக்க வாய்ப்பில்லைதானே சார் என்று இரண்டு முறை கேட்டான்.

கேரியர் எங்கே போகிறது என்று பார்க்க, சனிக்கிழமை காலையில் இருவரும் ஊர் ரயில் நிலையத்தில் காத்திருந்தார்கள். கமலம் கையில் கூடையோடு வந்தாள். திருவள்ளூர் லோக்கலில் பெண்கள் பெட்டியில் ஏறினாள். இவர்கள் அடுத்த பெட்டியில். திருநின்றவூரில் இறங்கி, கூட்டம் கலையும்வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார் ஹேமநாதன். கமலம் நேரே அந்தத் தூணுக்கு வந்தாள்.

"ஒளிஞ்சி ஒளிஞ்சி வராதீங்க," என்றாள். "வாசல்ல திடீர்னு நின்னா அவருக்கு நெஞ்சு படபடன்னு வரும். கூடவே வாங்க."

துலுக்கானம் கூடையை வாங்கிக்கொண்டான்.

ஏரியைப் பார்த்த ஒரு சின்ன வாடகை வீடு. அங்கே குடியிருந்தது சம்பந்தத்தின் தங்கை பூங்காவனம். அண்ணன் இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து வழிவிட்டாள். உள்ளே சம்பந்தம் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். ஹேமநாதன் யாரென்று தெரிந்ததும், கிஷோர் அனுப்பினானா என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிஷோர் விசாரணைக்கு வேண்டிய படத்தை முதல்முறையாகக் கையில் வாங்கிப் பார்க்க வந்தான். அதுவரை தூரத்தில் சுவரில் பார்த்ததுதான். மைதானத்தைத் தேடிப் பிடித்துச் சந்தோஷப்பட்டான். அப்புறம் தன் வீடு எங்கே என்று தேடினான். கண்டுபிடித்ததும் அவன் முகம் செத்துவிட்டது. இருட்டுவதற்குள் மனைவி ஸ்வாதியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தான். படத்தை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், தொலைந்துபோனது என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினான். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து அழுதது.

"அவனுக்கு முடியாதுன்னு சொல்லிடுவேன் சார். அழுவுற பொண்ணு மூஞ்சப் பாத்து எப்படிச் சொல்றது? கொளுத்தவும் கையி வரல. ஊருக்கு நடுவுல இருக்கிற ஒரே காலி எடம் சார் அது. அதான் கெளம்பி வந்துட்டேன். திங்கக்கெழம போயிட்டா அப்புறம் யாரும் என்னைக் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

எரிப்பதற்காக ஒரு படத்தைத் தேடிக் கொடுக்கும் வேலைக்குத்தான் அவரை அமர்த்தியிருக்கிறார்கள். அது தெரியாமல் முழங்கால் வலியோடு தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கோபம் வரவேண்டிய இடம். வந்தது சோர்வுதான்.

படத்தைக் கட்டில்மேல் விரித்தார்கள். களம் இருந்த இடத்தில் 'பொது இடம்' என்று அழகான கையெழுத்து. மதகிலிருந்து வரும் கால்வாய் தெற்கே பள்ளத்தை நோக்கி இறங்கி, அகன்று, கோடு போட்டுக் காட்டிய ஒரு பெரிய கட்டத்துக்குள் போனது. அதன்மேல் 'நீர்வழி, மனை பிரிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. லேக் பிரீஸ் முழுசாக அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

"பேர தப்பா வச்சிட்டான் வாத்யாரே," என்றான் துலுக்கானம். "லேக்குல கட்டிட்டு பிரீஸுன்னு சொல்லிக்கினு கீறான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

ஹேமநாதன் கிஷோருக்குப் போன் செய்து, ஆள் கிடைத்துவிட்டார், ஸ்வாதியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று விலாசம் சொன்னார். படம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றார்.

அவர்கள் வருவதற்குள் பையிலிருந்த வழக்குக் கட்டைப் பிரித்தார். பால்ராஜ் கோர்ட்டில் கொடுத்திருந்த வரைபடப் பிரதி அதில் இருந்தது. மைதானத்தைத் தனியார் மனை என்று காட்டுகிற படம். லேக் பிரீஸுக்குக் கட்டட அனுமதி வாங்கியதும் அதே படத்தை வைத்துத்தான், அந்த நிலத்தை அப்போது விற்றவரும் அதே பால்ராஜ்தான் என்று வழக்குத் தாள்களிலிருந்தே தெரிந்தது. அதில் கால்வாய் லேக் பிரீஸ் பக்கமே போகவில்லை. வடக்கே வளைந்து வேறு தெரு வழியாகப் போனது. இரண்டு படத்தில் ஒன்று பொய். எது என்று கோர்ட்டில் எப்படிக் காட்டுவது? காகிதமும் முத்திரையும் பார்த்தால் பால்ராஜின் படம்தான் மிடுக்காக இருந்தது.

கிஷோரும் ஸ்வாதியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். கிஷோர் சம்பந்தத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கட்டில்மேல் கிடந்த படத்தை அவன் பார்க்கவே இல்லை. ஹேமநாதன் சுற்றி வளைக்கவில்லை.

"என்கிட்ட எதுக்கு வந்தீங்க கிஷோர்? ஆளைத் தேடவா, படத்தைத் தேடவா?"

"படத்தை," என்றான். பொய் சொல்லக்கூட அவனிடம் தெம்பு இல்லை. "எங்கப்பா கரூர்ல தோட்டத்தை வித்துதான் சார் இந்த வீடு. இப்ப அவர்கிட்டப் போயி, தோட்டத்தைக் குடுத்துக் கால்வாயை வாங்கியிருக்கேன்னு எப்படிச் சொல்றது? எனக்கு மட்டுமா? எங்க பிளாக்ல அத்தனை பேர் என்னை நம்பி வழக்குல கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க வீட்டை நானே இடிக்கிற மாதிரி ஆயிடும்."

ஹேமநாதன் பால்ராஜின் படத்தை எடுத்து மற்றதன் பக்கத்தில் வைத்தார். வளைந்து போகும் கால்வாய்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"துலுக்கானம், நேத்து உன் ஆட்டோ எந்தத் தெருவுல நின்னுபோச்சு?"

"களத்துமேட்டுத் தெருவுல. ஃபர்ஸ்ட் கியர்லயே அழுதுச்சே."

"இதுல கால்வாய் எந்தத் தெரு வழியாப் போவுதுன்னு பாரு."

துலுக்கானம் குனிந்து பார்த்தான். தெருப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கேலி இல்லை.

"அதே தெரு. ஆட்டோவே ஏறல வாத்யாரே, தண்ணி எப்டி ஏறும்?"

சம்பந்தம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து விளக்கினார். நெல் நனையக்கூடாது என்றுதான் களத்தை ஊரிலேயே உயரமான இடத்தில் வைப்பார்கள். அதனால்தான் அது களத்துமேடு. மழைத் தண்ணீர்கூட நிற்காத இடம். ஏரித் தண்ணீர் அந்த மேட்டில் ஏறி வளைந்து போனதாக எவனோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோடு இழுத்திருக்கிறான். அந்தத் தெருவில் ஒருநாள் நடந்திருந்தால் இழுத்திருக்கமாட்டான்.

ஹேமநாதன் கிஷோரிடம் சொன்னார். பால்ராஜின் படம் பொய் என்று காட்ட நீதிபதிக்கு நிபுணர் வேண்டாம், ஒரு ஆட்டோ போதும். ஆனால் பொய் என்று மட்டும் சொன்னால் போதாது. உண்மைப் படம் பக்கத்தில் இருக்கவேண்டும். அது இருந்தால் மைதானமும் நிற்கும், பொய்ப்படம் காட்டி உங்களுக்கு வீடு விற்றவர் கூண்டிலும் நிற்பார். இல்லாவிட்டால் அவர் மைதானத்திலும் ஒரு லேக் பிரீஸ் கட்டுவார். வீடு தப்புமா என்று கிஷோர் கேட்டான். தெரியாது என்றார் ஹேமநாதன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

ஸ்வாதி அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். அன்று வாசற்படியில் அழுததற்காகச் சம்பந்தத்திடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு கணவனைப் பார்த்துப் பேசினாள்.

"போன மழையில தண்ணி தெருவுலேருந்து வரலை கிஷோர். பாத்ரூம் தரைக்குள்ளேருந்து வந்துச்சு. பாப்பாவைத் தோள்ல வச்சுக்கிட்டு மாடிப்படியில நின்னப்பவே எனக்குத் தெரியும், ஏதோ தப்பான இடத்துல இருக்கோம்னு. படத்தை எரிச்சுட்டா அடுத்த மழைக்கு அது தெரியாமப் போயிடுமா?"

கிஷோர் வெளியே போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பூங்காவனம் எல்லோருக்கும் சோறு போட்டாள். கமலம் கொண்டுவந்த கேரியரைத் திறந்து பரிமாறினாள். கிஷோர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். படத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பூந்தமல்லி நீதிமன்றம் வழக்கம்போல வேர்த்து வழிந்தது. ஊர்த் தரப்பு வழக்கறிஞர் அருள் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, மைதானத்தைச் சுற்றிய தகரம் சீக்கிரமே இறங்கிவிடும் என்றார். பால்ராஜ்மீது மோசடி வழக்கும் போடலாம். லேக் பிரீஸ் விஷயம் மட்டும் வருடக்கணக்கில் இழுக்கும். இடித்தாலும் இடிப்பார்கள், மாற்று இடம் கொடுத்தாலும் கொடுப்பார்கள். அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள் என்றார்.

நீதிமன்றக் கூடம் மாடியில். படிக்கட்டைப் பார்த்ததும் சம்பந்தம் தயங்கினார். கையில் துணிப்பையில் சுருட்டிய படம். கிஷோர் வந்து ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்தான். இன்னொரு கையை நீட்டினான்.

"குடுங்க ஐயா. நான் எடுத்துட்டு வரேன்."

சம்பந்தம் ஹேமநாதனைப் பார்த்தார். சம்பந்தமே முடிவு செய்து பையைக் கொடுத்தார்.

ஹேமநாதன் அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறினார். அவன் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாதிப் படியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கிஷோர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றான். பிறகு பெரியவரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

"தொழில்புத்தி போவாது உங்களுக்கு," என்று காதோரம் முணுமுணுத்தான் துலுக்கானம்.

மேலே மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படத்தை வாங்கிப் பிரிக்காமலே ஓரமாக வைத்தார். யார் தாக்கல் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார். சம்பந்தம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் கிஷோர் தன் பெயரைச் சொன்னான்.

"விலாசம்?"

கிஷோர் திரும்பி ஸ்வாதியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"தரைத்தளம், லேக் பிரீஸ், வரகுப்பாக்கம்," என்றான். குமாஸ்தா எழுதுவதற்கு வசதியாக இன்னொரு முறையும் நிறுத்திச் சொன்னான்.